செம்புத் தகடும் மூன்று முள்ளும்

போன வாரம் நம்முடைய பழைய பள்ளி வகுப்பு வட்ஸ்அப் குழுவில் நம் வகுப்பு மொனிட்டர் ஒரு படம் போட்டிருந்தார். அவருடைய பேரன் ஒரு விராலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மீனின் வாயில் ரப்பர் தவளை ஒன்று தொங்குகிறது. இவனுக்கு இன்னும் பெரிதாகப் பிடிக்க யாராவது வழி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். உடனே நம்மில் ஒருவர், தூண்டில் பேச்சே வேண்டாம், தூண்டில் போட வந்த ரப்பர் தோட்டத்துக் கிளாக்கர் நம் லயத்துப் பெண்ணைச் செய்வினைத் தகடு வைத்துக் கொன்றது மறந்துவிட்டதா என்று எழுதினார். நீங்கள் பலரும் அதற்குக் கைகூப்பிய படம் போட்டீர்கள்.

அந்தப் பெண் என் சின்னம்மா. நான் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை. பதினொரு வயதிலிருந்து வாயை மூடிக்கொண்டே இருந்து பழகியவளுக்கு இன்னும் ஒரு நாள் மூடியிருப்பது பெரிய காரியமா? ஆனால் அதற்குப் பிறகு தூக்கம் போய்விட்டது. ஆகவே எழுதுகிறேன். வாசித்த பிறகு என்னைக் குழுவிலிருந்து நீக்குவதானால் நீக்கிக்கொள்ளுங்கள். நான் கோபிக்க மாட்டேன்.

முதலில் மொனிட்டரின் பேரனுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பென்ஷன் எடுத்த டீச்சர் தூண்டில் கம்போடு குளக்கரையில் நிற்கிறாள் என்று என்னைக் கேலி செய்தவர்கள்தானே நீங்கள், கேட்டுக்கொள்ளுங்கள். விரால் மூச்சு விட மேலே வரும். குமிழி தெரிந்த இடத்தில் அதன் தலைமேல் வீசக் கூடாது. ஆறடி தள்ளி அப்பால் வீசி, இழுத்துக்கொண்டு வந்து, குமிழி இருந்த இடத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்துவதுதான் கஷ்டம். கை சும்மா இருக்காது, இழுக்கச் சொல்லும். தவளையைக் கவ்வியதும் வெட்டி இழுத்தால் வாயிலிருந்து கழன்றுவிடும், மூன்று எண்ணிவிட்டு இழுக்கச் சொல்லுங்கள். முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைக்க வேண்டும், தங்கூசி நைலோன் நூல்தானே, காய்ந்திருந்தால் சூடேறி அறுந்துபோகும். சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மிதந்தால் அந்தப் பக்கமே வீச வேண்டாம். அங்கே தாய் பசியில் கடிப்பதில்லை, குஞ்சுக்கு ஆபத்து என்று கடிக்கும். அப்படிப் பிடிப்பது பாவம்.

இதெல்லாம் எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. பாதி, அந்தக் கிளாக்கரையா தனக்குத் தானே பேசிக்கொண்டதை ஒட்டுக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தடுப்பணைக்குக் கீழே அவர் ரீல் வைத்த கம்போடு நிற்பார். நாம் எல்லாரும் மேலே பாறையில் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஞாபகம் இருக்கும். யாழ்ப்பாணத்து மனிதர், கல்யாணம் ஆகாதவர், அரசாங்கக் கச்சேரிக்கு வேலைக்குப் போகிறவர் போலச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு மீன் பிடிக்க வருவார். மீனைப் பிடித்துவிட்டுத் திரும்ப ஆற்றிலேயே விடுவார். சோற்றுக்கு வழியில்லாத பிள்ளைகளின் கண்முன்னே நல்ல மீனைத் தண்ணீரில் விடுகிற மனிதரை நாம் பைத்தியம் என்றே முடிவு கட்டியிருந்தோம். பொழுதுபோக்கு என்ற ஒன்று உலகத்தில் இருப்பது நமக்கு எப்படித் தெரியும்?

அந்த வருடத்து மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குருவிட்டப் பக்கம் மழை புதிதில்லைதான். ஆனால் அந்த முறை வைகாசியில் பிடித்தது விடவே இல்லை. ரப்பர் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. பால் வெட்டாவிட்டால் கூலிப் புத்தகத்தில் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் அடுப்பு இல்லை. லயத்து வரிசையில் கூரைமேல் புகை காணாத வீடுகளை எண்ணிக்கொண்டே பள்ளிக்கூடம் போவோம். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அப்பா, அம்மா, நான், சின்னம்மா நாலு பேர். சின்னம்மா அம்மாவின் தங்கை. பத்தொன்பது வயது. அம்மாதான் அவளை வளர்த்தாள். மழைக்கு வேலை நின்றதும் அவள் நாட்டுக்கு, தோட்டத்துக்கு வெளியே இருக்கும் கிராமத்துக்குப் போய், சிங்கள ஆட்களின் வயலில் முழங்கால் சேற்றில் நின்று களை பிடுங்கினாள். பால்வெட்டுக் கத்தி பட்ட காயம் ஒன்று அவள் காலில் ஆறாமல் இருந்தது. அந்தக் காலோடுதான் சேற்றில் இறங்கினாள். எலிக் காய்ச்சல் அப்படித்தான் வரும் என்று இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும்.

அவளுக்கு நல்ல முடி. ஈரம் காய வாசலில் உட்கார்ந்து கோதுவாள். ஒரு பக்கம் தேங்காயெண்ணெய் வாசம், இன்னொரு பக்கம் அவள் உடுப்பில் போகவே போகாத புளித்த ரப்பர் பால் வாசம். இரண்டும் சேர்ந்ததுதான் எனக்குச் சின்னம்மா. உதிர்ந்த முடியைச் சுருட்டி, சவுரி கட்ட வேண்டும் என்று சுவர் வெடிப்பில் சொருகி வைப்பாள். வெடிப்பு நிறைய முடி இருக்கும்.

அந்த மாதத்தில்தான் தடுப்பணைக்குக் கீழே ஒரு வேரில் கிளாக்கரையாவின் பொய் இரை சிக்கியிருந்ததைக் கண்டெடுத்தேன். தங்கூசி அறுந்து அவர் விட்டுவிட்டுப் போனது. செம்பு நிறத்தில், பிடி இல்லாத கரண்டி போன்ற சின்னத் தகடு. அவர் ஸ்பூன் என்று சொல்வார். தண்ணீரில் இழுத்தால் புரண்டு புரண்டு மின்னும். மீன் அதைக் குஞ்சு மீன் என்று நம்பி ஏமாறும். பின்பக்கத்தில் ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. அடியில் மூன்று முள் சேர்ந்த தூண்டில். முள்ளைச் சுற்றியிருந்த இறகு அழுகிப் போயிருந்தது. மீன் வால் பார்த்துத்தான் கடிக்கும் என்று அவர் முணுமுணுத்ததைக் கேட்டிருக்கிறேன். இறகுக்கு நான் எங்கே போவேன்? சுவர் வெடிப்பிலிருந்து சின்னம்மாவின் முடியை எடுத்து, அம்மாவின் பழைய சேலைக் கரையில் உருவிய சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டினேன். மூங்கில் கம்பில் தங்கூசி முடிந்து வீசினேன். ஒரு வாரம் ஒன்றும் இல்லை. பிறகு அப்பா பார்த்துவிட்டார். பொட்டப் பிள்ளைக்கு ஆற்றங்கரையில் என்ன வேலை என்று கம்பை என் முதுகிலேயே முறித்து அடுப்பில் வைத்தார். ஸ்பூன் மடியில் இருந்ததால் தப்பியது. நனையாமல் இருக்க ரப்பர் சீட்டுத் துண்டில் சுற்றி, அடுப்படிக் குசினிக்குப் பின்னால் மழைத் தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில் புதைத்து வைத்தேன். ஆள் இல்லாத நேரம் தோண்டி எடுத்து, வெறுங்கையால் தங்கூசியைச் சுழற்றி வீசிவிட்டுத் திரும்பப் புதைப்பேன்.

புதன்கிழமை எனக்கு விரால் கிடைத்தது. என் முழங்கை நீளம். ஆற்றில் பிடித்தேன் என்று வீட்டில் சொல்ல முடியாது. கானில் வெள்ளத்தோடு வந்தது என்று சொன்னேன். அம்மா என் கையை ஒரு தடவை பார்த்தாள். தங்கூசி அறுத்த கோடு விரலில் இருந்தது. ஒன்றும் கேட்காமல் மீனை வாங்கி உரசினாள். அன்று மாலை வயலிலிருந்து வந்த சின்னம்மா குளிர் நடுக்கத்தோடு படுத்தாள். மீன் குழம்பை அவள் வாயில் வைக்கவில்லை.

வியாழக்கிழமை தோட்டத்து மருந்துக்காரர் குளிசை கொடுத்தார். சனிக்கிழமைக்குள் காய்ச்சல் இறங்காவிட்டால் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார். இறங்கவில்லை. கெண்டைக்காலைத் தொட்டால் கத்தினாள். கண் சிவந்து கிடந்தது. சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸுக்குப் போவது என்று முடிவாகியிருந்தது. போகுமுன் ஒரு நூல் கட்டி அனுப்பலாம் என்று அப்பா கோடாங்கிக்காரரைக் கூட்டி வந்தார். அந்த ஒரு நூல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

கோடாங்கிக்காரர் உடுக்கை அடித்துக் குறி பார்த்து, வீட்டு மண்ணில் ஏதோ புதைந்திருக்கிறது என்றார். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் சொல்வதுதான். தோண்டும்போது எடுத்துக் காட்ட மடியில் தானே ஒன்று கொண்டு வந்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அவருக்கு அது தேவைப்படவில்லை. அப்பா குசினிக்குப் பின்னால் மண்வெட்டியை இரண்டு போடு போட்டார், ரப்பர் சீட்டுப் பொட்டலம் வெளியே வந்து விழுந்தது. பிரித்தார்கள். எழுத்து வெட்டிய செம்புத் தகடு. மூன்று முள். சிவப்பு நூல். சுருள் சுருளாகப் பெண்ணின் முடி. கோடாங்கிக்காரரே இரண்டடி பின்னால் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையான செய்வினையைக் கண்டுவிட்டதாக அந்த மனிதர் நம்பியிருக்க வேண்டும்.

முடியைச் சின்னம்மாவின் தலையோடு வைத்துப் பார்த்தார்கள். ஒத்திருந்தது. பெண்கள் ஓலமிட்டார்கள். கட்டு அவிழும்வரை ஓடுகிற தண்ணீரைத் தாண்டக் கூடாது, தாண்டினால் உயிர் அக்கரையில் நிற்காது, மூன்று நாள் பூசை வேண்டும் என்று கோடாங்கிக்காரர் சொன்னார். இரத்தினபுரிக்குப் போகும் பஸ் ஆற்றைத் தாண்டித்தான் போகும். பத்து மணி பஸ் கீழே ரோட்டில் ஹோன் அடித்துவிட்டுப் போனது. உள்ளே சின்னம்மா தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அப்பாவின் அடிக்குப் பயம், அது உண்மை. ஆனால் அது மட்டும் இல்லை. நானும் நம்பிவிட்டேன். இதைச் சொல்லத்தான் எனக்கு இத்தனை காலம் வெட்கமாக இருந்தது. அவள் முடியை எடுத்து முள்ளில் கட்டியவள் நான். அந்த முள் மீனின் வாயில் ஏறிய அதே நாள்தான் அவளுக்குக் காய்ச்சல் ஏறியது. தகட்டில் இருக்கும் எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது. மந்திரமாக இருந்துவிட்டால்? தெரியாமல் நானே அவளைக் கட்டிவிட்டிருந்தால்? இதைச் செய்தவர் ரத்தம் கக்குவார் என்று கோடாங்கிக்காரர் சாபம் போட்டார். நான் ஒதுங்கிப் போய்க் கானில் துப்பித் துப்பிப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கண் மஞ்சளாகிவிட்டது. சிறுநீர் போகவில்லை என்று அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது. அந்த எழுத்து என்னவென்று தெரிந்தவர் ஒருவர்தான், கிளாக்கரையா. மத்தியானம் தாண்டி நான் ஓடினேன். அவருடைய குவார்ட்டர்ஸ் பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஆற்றில்தான் இருப்பார். தடுப்பணையில் இல்லை. வெள்ளம் என்பதால் கீழே வளைவுக்குப் போயிருந்தார். கரை முழுக்க வழுக்கல், அட்டை. அழுதுகொண்டே ஓடியதில் இரண்டு தடவை விழுந்தேன்.

அவர் திரும்பிப் பார்க்காமல் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். மீன் கலைந்துவிடுமாம். நான் கிட்டே போய், அந்தச் செம்பு ஸ்பூனில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். எந்த ஸ்பூன் என்றார். வேரில் சிக்கியது, நான் எடுத்தது என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"அது செய்த கொம்பனியின்ர பேரும் நிறையும் பிள்ளை. பத்துக் கிராம் எண்டு கிடக்கு."

பத்துக் கிராம். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், முடி கட்டியது, புதைத்தது, தோண்டியது, சின்னம்மா கிடப்பது. தன்னுடைய ஸ்பூனைச் செய்வினைத் தகடு என்றார்களா என்று அதற்கும் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. ஒரு வேடிக்கைக் கதை கேட்டதாகவே அவர் எடுத்துக்கொண்டார். காய்ச்சல் என்றால் காய்ச்சல், லயத்தில் யாருக்கு இல்லை என்று நினைத்திருப்பார். எதிரே பெரிய மீன் ஒன்று இரண்டு தடவை மேலே வந்து போயிருந்தது. அவர் கண் அதிலேயே இருந்தது.

"கொஞ்சம் பொறு பிள்ளை. இப்பதான் மீன் இரை எடுக்கத் துவங்கியிருக்கு. நாலைஞ்சு எறி எறிஞ்சிட்டு வாறன்."

நான் பொறுத்தேன். ஐயாமார் பொறு என்றால் பொறுப்பதுதானே நம் வழக்கம். அவர் வீசினார், இழுத்தார், நிறுத்தினார், வீசினார். ஒவ்வொரு வீச்சையும் நான் எண்ணினேன். நாற்பத்தேழு. வீசுமுன் அவர் தங்கூசியை விரலால் தடவிப் பார்ப்பதும், மூங்கில் மறைவிலிருந்து மீன் பின்தொடர்ந்து வந்து திரும்பிப் போவதும் இன்றைக்கும் எனக்கு வரி தப்பாமல் ஞாபகம் இருக்கிறது. மீன் பிடிப்பதில் எனக்குத் தெரிந்த பொறுமையெல்லாம் அங்கே கற்றதுதான். அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. கடைசியில் அந்த மீன் எடுக்கவும் இல்லை.

லயத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சின்னம்மாவின் கண்ணைப் பார்த்த நிமிடத்தில் அவர் முகம் மாறியது. இப்போதே லொறியைக் கூப்பிட வேண்டும் என்றார். கோடாங்கிக்காரர் வாசலை மறித்து, நாளைக்குத்தான் மூன்றாம் நாள் என்றார். அப்பாவும் அசையவில்லை. நீங்கள் எல்லாரும் கூட்டத்தில் நின்றீர்கள். பிறகு நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். ஆனால் என்ன பார்த்தோம் என்று உங்களுக்குத் தெரியாது.

அவர் தகட்டைக் கையில் எடுத்து, இது என்ர தூண்டில், தடுப்பணையில் அறுந்து போனது என்று சொன்னார். முடியைக் கட்டியது இந்தப் பிள்ளை, விளையாட்டாகக் கட்டியது என்று என்னை முன்னால் இழுத்தார். சொல்லு பிள்ளை என்றார். எல்லார் கண்ணும் என்மேல் இருந்தது. அப்பாவின் கையில் விறகுக் கட்டை. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மாவின் கை என் தோளில் விழுந்து அழுத்தியது. எலும்பு வலித்தது.

"எம்புள்ளைக்கு இது ஒண்ணுமே தெரியாதுங்கய்யா. அது தூண்டிலத் தொட்டதே இல்லீங்க."

என் விரலில் தங்கூசி அறுத்த கோடு அப்போதும் ஆறவில்லை. கையைப் பாவாடையில் மறைத்தேன். கிளாக்கரையா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே பாயில் கிடந்தவளைப் பார்த்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்க இன்னும் ஆயிரம் சொல்லியிருக்கலாம். சொல்லிக்கொண்டு நிற்க நேரம் இல்லை என்று அந்த மனிதருக்கு அப்போதுதான் புரிந்திருந்தது. கோடாங்கிக்காரரிடம் திரும்பினார்.

"சரி. நான்தான் செய்தனான். நான் கட்டினதை நானே அவிழ்க்கிறன். அவிழ்த்தால் இவ ஆத்தைத் தாண்டலாம்தானே?"

கோடாங்கிக்காரரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. கட்டியவனே அவிழ்த்தால் கட்டு விட்டுப் போகும் என்பது அவர் சாத்திரம். கிளாக்கரையா பேனாக்கத்தியை எடுத்து, இத்தனை பேர் பார்க்க, சிவப்பு நூலை அறுத்து முடியைக் கழற்றினார். யாரோ ஒருவர் அவர்மேல் காறித் துப்பினார். அவர் துடைக்காமல் லொறிக்கு ஆள் அனுப்பினார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சிங்களத்தில் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார். ஐந்து நாள் என்றாள் அம்மா. ஐந்து நாளும் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று அவர் கேட்டார். சின்னம்மா செவ்வாய்க்கிழமை காலையில் செத்துப் போனாள். ஒரு நாள் முன்னதாக வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள். சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸில் ஏறியிருந்தால் அந்த ஒரு நாள் எங்களிடம் இருந்தது.

அடுத்த வாரம் கிளாக்கரையா மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகிற லொறிக்குக் கல் எறிந்தோம். நானும் எறிந்தேன். எறியாவிட்டால் சந்தேகம் வரும் என்று எறிந்தேன். அவர் விட்டுப் போன கம்புகளை இளந்தாரிகள் முறித்து எரித்தார்கள். ரீல் ஒன்று உருண்டு கானில் விழுந்து கிடந்தது. அதன் கைப்பிடியைச் சுற்றினால் டிக் டிக் என்று மெதுவாகச் சத்தம் வரும். இரண்டு நாள் மழையில் கிடந்தது, பிறகு காணவில்லை.

அம்மாவும் நானும் இதைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பா காலமாகி, நான் படித்து, டீச்சராகி, மாவனல்லைக்கு மாற்றலாகி, அம்மாவை என்னோடு கூட்டி வந்து வைத்துக்கொண்டபோதும் பேசவில்லை. அவள் படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில், சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது நான் கேட்டுவிட்டேன். பொட்டலத்தைப் பிரித்த அந்தச் சனிக்கிழமையே உனக்குத் தெரியுமா என்றேன். தெரியும் என்று தலையாட்டினாள். பிறகு ஏன் சொல்லவில்லை, அவள் உன் தங்கச்சி அல்லவா என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. அம்மா வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கினாள்.

"சொல்லியிருந்தா ஒங்கப்பாவும் அந்தாளுங்களும் ஒன்ன உசுரோட விட்டிருக்க மாட்டாங்கடி. அவளுக்குச் சும்மா காச்சல்னு நெனச்சேன். ஒருத்தியக் குடுத்து ஒருத்தியக் காப்பாத்துறேன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் எனக்கு இருப்பீங்கன்னுதான் நெனச்சேன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. அந்தக் கிளாக்கரையா உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் கேட்டாள், விசாரித்துப் பார்த்தாயா என்று. போய்ச் சேரும்வரை கேட்டாள். நான் விசாரிக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டால் என்ன சொல்வது என்ற பயம்.

இருந்தால் அவருக்கு எண்பதுக்கு மேல் ஆகியிருக்கும். உங்களில் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.